ஒரு மணி அடிச்சு நிண்டா எவ்வளவு?

காத்தான்குடியில் கைறுன்னிஸாவிடம் விலை பேசி வென்றவர் எவருமில்லை. மீன்காரர் அவள் வீட்டு வாசலைத் தாண்டும்வரை கூவமாட்டார், தாண்டிய பிறகுதான் வாயைத் திறப்பார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவள் அளந்து பார்த்துவிட்டு, ஆற்றில் போடுவானேன் என்று வீட்டுக்கே கொண்டுவந்துவிடுகிற ஆள். முப்பது வருடமாக விடியலில் எழும்பி இடியப்பம் அவித்துத் தேநீர்க் கடைகளுக்குக் கொடுத்து, சீட்டுக் கட்டிச் சேர்த்து, அறுபத்தோராவது வயதில் புருஷன் அசனாரையும் கூட்டிக்கொண்டு உம்றாவுக்குப் புறப்பட்டாள் என்றால் சும்மாவா?

அப்படிப்பட்டவள், பயணத்துக்கு ஒரு போன் பெக்கேஜ் தெரிந்தெடுக்க இரண்டு கிழமை எடுத்தாள். குழுவில் போகிற மற்றவர்கள் எல்லாம் அரை மணியில் முடித்த வேலை. "மக்காவுக்குப் போற நேரத்திலயும் மாமிக்குக் கை இறுக்கம்" என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும், ஊருக்கு என்ன தெரியும்? கைறுன்னிஸாவின் வயிற்றுக்குள் இருந்தது வேறு கவலை.

முதல் நாள் இளைய மகள் முப்லிஹாதான் அவளைப் பிரதான வீதியில் இருக்கிற றுஸ்தியின் போன் கடைக்குக் கூட்டிப்போனாள். றுஸ்திக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பொறுமையான மனிசன். கடைக்கு வருகிற வயதான பெண்கள் எல்லாருமே அவனுக்கு மாமிதான்.

"மூணு வழி இரிக்கி மாமி," என்று கண்ணாடி மேசையில் விரலை ஊன்றிச் சொன்னான். "ஒண்டு, இஞ்சத்த சிம்முக்கே ரோமிங் பெக்கேஜ் போடுற. விலை கொஞ்சம் கூட. ரெண்டு, ஜித்தாவுல எறங்கினதும் சவூதி சிம் ஒண்டு வாங்குற. டேட்டா தாராளம், வீடியோவில கதைக்கலாம். இஞ்சத்த சிம்மக் கழட்டிப் பேர்ஸுக்குள்ள வச்சிருங்க. மூணு, ஒண்டுமே வேணா, ஹோட்டல் வைஃபையில சமாளிக்கிற."

"ரெண்டாவதுதான்," என்றாள் முப்லிஹா. "கஃபாவ எங்களுக்கு வீடியோவில காட்டணும் உம்மா. புள்ளைகள் பாத்துக்கிட்டு இரிக்குதுகள்."

கைறுன்னிஸா அந்தப் பேச்சைக் காதில் வாங்கவில்லை. "சிம்மக் கழட்டினா, இந்த நம்பருக்கு எடுக்கிறவங்களுக்கு என்ன கேக்கும் மகன்?" என்று றுஸ்தியிடம் கேட்டாள்.

"தொடர்புகொள்ள முடியாதெண்டு ஒரு புள்ள சொல்லும்."

"அந்தப் புள்ள அப்பிடிச் சொல்லப்படாது."

றுஸ்தி முப்லிஹாவைப் பார்த்தான். முப்லிஹா கூரையைப் பார்த்தாள். "பதினாலு நாளைக்கு உங்களுக்கு ஆர் உம்மா எடுக்கப் போறா?"

"இடியப்பம் எடுக்கிற கடைக்காரங்க."

பொய். உம்றாவுக்கு நாள் குறித்த வாயால் வந்த சுத்தப் பொய். யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பிவிட்டாள். வழி முழுக்க உள்ளுக்குள் தவ்பாச் செய்து, அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடந்தாள்.

அவளுடைய நம்பருக்கு எடுக்கிறவன் றிஷாட். அவள் பெற்ற ஒரே ஆண்பிள்ளை. முதலில் எட்டு வருடம் கட்டாரில் ஏசி திருத்துகிற வேலை செய்தான். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் குடியிருப்பான். ஆகவே றிஷாட்டின் எட்டு வருடமும் இரண்டு தங்கச்சிமாருக்கு இரண்டு வீடாக எழும்பி நின்றது. ஒருநாளும் அவன் முகம் சுளித்ததில்லை. ஓடு போட்டு, நிலத்துக்கு மாபிள் பதித்து, இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்த பிறகு ஊருக்கு வந்தவன், வெட்கப்பட்டுக்கொண்டு உம்மாவிடம் ஒரு பெயரைச் சொன்னான். ஷஸ்னா. ஆற்றங்கரையில் இறால் பிடிக்கிறவரின் மகள்.

கைறுன்னிஸா கேட்ட முதல் கேள்வி, "அவக்கு வீடு இரிக்கா?"

இருந்தது. ஒற்றை அறை, மேலே தகரம், உள்ளே ஏழு பேர். முடியாது என்றுவிட்டாள். இரண்டு தங்கச்சிமாரைக் கரைசேர்த்த தன் பிள்ளை போய்த் தகரத்துக்குக் கீழே வேர்த்துக்கொண்டு குந்துவதா என்று அவளுக்கு மனம் கேட்கவில்லை. நல்லதை நினைத்துத்தான் சொன்னாள். குடும்பத்துக்குள் நெருப்பு வைக்கிற சொல்லையெல்லாம் நல்லதை நினைத்துத்தான் சொல்கிறார்கள், என்ன செய்ய?

உம்மாவும் வாப்பாவும் கூடவே இருக்கிற முப்லிஹா வீட்டுச் சுவரில் றிஷாட் உள்ளங்கையை வைத்தான். "இந்தச் சுவரெல்லாம் என்ட வேர்வை உம்மா. எனக்குப் பொண்ணு பாக்கிற நேரமும் நீங்க சுவரத்தான் பாக்கிறீங்க. இனி உங்களோட எனக்குக் கதையில்ல." அந்தக் கிழமையே கட்டாருக்குத் திரும்பிவிட்டான். வீட்டில் ஒருவரோடும் பேச்சில்லை. வட்ஸ்அப்பில் உம்மாவையும் அடைத்துப் போட்டான். அவள் அனுப்பிய இரண்டு குரல் செய்தியும் ஒற்றைச் சரி அடையாளத்தோடு அப்படியே கிடந்தன. அசனாருக்கும் கோபம் வந்தது. "அவன்ட கதை இனி இந்த வீட்டில வேணா" என்றார். ஷஸ்னாவை அடுத்த வருடமே ஓட்டமாவடியில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

அவன் போய் ஐந்து மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், மூன்று மணி போல, கைறுன்னிஸாவின் போன் ஒரே ஒரு மணி அடித்து நின்றது. கட்டார் நம்பர். அவள் திருப்பி எடுத்தாள், வெட்டிவிட்டான். அடுத்த வெள்ளியும் அதே நேரம் ஒரு மணி. அங்கே ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலை விட்டு இறங்குகிற நேரம் அது என்று பிறகுதான் கணக்குப் போட்டாள். ஒரு தடவை பொறுக்க முடியாமல் பாய்ந்து எடுத்தாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. "மகன்" என்றாள். வெட்டுப்பட்டது. அதற்குப் பிறகு நாலு வெள்ளி மணியே இல்லை. அந்த நாலு கிழமையும் அவள் அவித்த இடியப்பத்தில் உப்பு இருந்ததா என்று கடைக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். ஐந்தாவது வெள்ளி திரும்ப அடித்தபோது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். எடுக்கக்கூடாது, அதுதான் அவர்களுக்குள் பேசாமல் செய்துகொண்ட ஒப்பந்தம்.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்று சும்மா சொல்லிவைத்தார்கள். சுகமாக இருக்கிறேன், ஆனால் கோபம் ஆறவில்லை என்று இரண்டையும் ஒரே மணியில் சொல்லத் தெரிந்த பிள்ளையை அவள் பெற்றிருந்தாள். மூன்று வருடமாக அந்த ஒரு மணியில்தான் அவள் கிழமையைக் கழித்தாள். அது ஒருவருக்கும் தெரியாது. வெள்ளி மூன்று மணிக்கு முப்லிஹா பிள்ளைகளைப் படுக்கவைத்துக்கொண்டு தானும் கண்ணயர்ந்திருப்பாள். மற்ற நாளில் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகு சட்டையைத் தேடுகிற அசனாரோ, வெள்ளிக்கிழமையில் மட்டும் அரை மணி முந்தியே அஸருக்குப் புறப்பட்டுவிடுவார். அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

இப்போது சொல்லுங்கள், அந்த சிம்மை அவள் கழற்றுவாளா? பதினாலு நாளில் இரண்டு வெள்ளி வருகிறது. இரண்டு வெள்ளியும் அந்தக் குரல்காரப் புள்ள "தொடர்புகொள்ள முடியாது" என்று சொன்னால், உம்மாவும் கதவைச் சாத்திவிட்டா என்று நினைக்கமாட்டானா? அதோடு அந்த ஒரு மணியும் நின்றுபோனால்?

மக்காவுக்குப் புறப்படுகிறவர்கள் வீடு வீடாகப் போய், நான் செய்த பிழை பொறுத்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். கைறுன்னிஸாவும் போனாள். சொந்தக்காரர், அயலவர், இடியப்பக் கடைக்காரர், வாசலில் கூவப் பயந்த மீன்காரர்வரை ஒருவரையும் விடவில்லை. மீன்காரர், "பொருந்திக்கிட்டன் ராத்தா, ஆனா வந்த பிறகும் கொஞ்சம் இரங்கி விலை கேளுங்க" என்றார். அதை மட்டும் இவள் ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக ஆற்றங்கரைக்குப் போனாள். ஷஸ்னாவின் உம்மா வெளியே இறால் வலையை உதறிக்கொண்டு நின்றாள். ஊரையே விலை பேசி வென்ற வாய், அங்கே ஒரு சொல்லுக்குத் தடுமாறியது. "உங்கட புள்ளைய நான் வேணாண்டு சொன்னன். வீட்டப் பாத்துச் சொன்னன். பொருந்திக்கங்க" என்றாள். அந்த மனிசி வலையைக் கீழே வைத்து, கையைத் துடைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள். "பொருந்திக்கிட்டன் ராத்தா. மக்காவுல என்ட புள்ளைக்கும் ஒரு துஆக் கேளுங்க. வயித்தில மூணு மாசம்" என்றாள்.

திரும்பி வரும்போது விரலை மடித்து எண்ணிப் பார்த்தாள். ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. அவனிடம் போகத்தான் வழியில்லை.

புறப்பட இரண்டு நாள் இருக்கையில் திரும்பவும் றுஸ்தி கடைக்குப் போனாள். இந்தத் தடவை கூட வந்தது அசனார். அவரை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது என்று அவள் விழித்துக்கொண்டு நிற்க, அசனாரே, "நான் அங்கால வெத்தில வாங்கிட்டு வாறன் புள்ள" என்று இறங்கிப்போனார். கைறுன்னிஸா குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"மகன், ஒரு மணி அடிச்சு நிண்டா அதுக்கு எவ்வளவு?"

"விளங்கல்ல மாமி."

"நான் எடுக்கமாட்டன். அங்காலயும் கதைக்கமாட்டாங்க. ஒருக்கா அடிச்சிட்டு நிண்டுரும். அதுக்குக் காசு வெட்டுமா?"

கடை தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு கேள்வியை றுஸ்தி கேட்டதில்லை. "அடிக்கிறதுக்குக் காசில்ல மாமி. எடுத்தாத்தான் காசு. ரோமிங்கத் திறந்து விட்டாக் காணும்."

"அப்ப சும்மாவா?"

"சும்மாதான்."

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பேரம் பேசாமலே அவளுக்குக் கிடைத்த முதல் விலை அது. பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அவள் போனில் இரண்டு சிம் போடலாம். ஒன்றில் இங்கத்தைய சிம், மணி அடிக்க மட்டும். மற்றதில் சவூதி சிம், முப்லிஹாவுக்குக் கஃபாவைக் காட்ட. றுஸ்தி கடைப் போனிலிருந்து அவள் நம்பருக்கு எடுத்துப் பார்த்தான். சரியாக இருக்கிறதா என்று அவள் காதிலும் வைத்தான். உள்ளே நபியின் பேரில் ஒரு ஸலவாத்து இனிமையாக ஓதியது.

"இதென்ன மகன்?"

"உங்கட மகள் போட்டு வச்ச. உங்களுக்கு எடுக்கிற ஆளுக்கு மணிக்குப் பதிலா இதான் கேக்கும்."

தன் போனுக்குத் தானே ஒருநாளும் எடுத்துப் பார்த்ததில்லை அவள். அப்படியானால் ஒவ்வொரு வெள்ளியும் அவன் காதில் விழுந்தது இதுதான். கண் கலங்கியதை மறைக்கக் கைப்பைக்குள் எதையோ தேடினாள்.

"அங்க போனா இது கேக்காது மாமி. அந்த நாட்டு மணிதான் கேக்கும்" என்றான் றுஸ்தி.

"எது கேட்டா என்ன, ஏதாச்சும் கேட்டாக் காணும்." புறப்பட எழும்பியவள் திரும்பினாள். "மக்காவுக்கும் கட்டாருக்கும் எத்தின மணி வித்தியாசம் மகன்?"

"வித்தியாசமில்ல மாமி. ரெண்டுக்கும் ஒரே நேரம்."

அவளுக்கு மனம் குளிர்ந்தது. மகனும் தானும் ஒரே நேரத்தில் இருக்கப்போகிற இரண்டு கிழமை. றுஸ்திக்கும் அப்போதுதான் எல்லாம் விளங்கியது. றிஷாட் அவனோடு ஒன்றாகப் படித்தவன். விளங்கியதை வாய்விட்டுச் சொல்லாத நல்ல குணம் அவனுக்கு உண்டு. கைறுன்னிஸாவின் போனை வாங்கி இன்னும் என்னவோ தட்டினான். "முப்பது நிமிஷம் கதைக்கிற பெக்கேஜ் ஒண்டும் போட்டிருக்கன் மாமி."

"ஆர் கேட்ட? என்னோட ஆர் கதைக்கப் போறா? எடுங்க அத."

"போட்டா எடுக்க ஏலா. காசு வேணா. அங்க எனக்கொரு துஆக் கேளுங்க, அது காணும்."

வீணாகப் போகப்போகிற முப்பது நிமிடத்துக்காக அவள் வீடுவரைக்கும் அவனை ஏசிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் அசனார் வெறுங்கையோடு நடந்து வந்தார். வெற்றிலை வாங்கப்போன மனிசன் வெற்றிலையே போடமாட்டாரே என்பது ஏச்சு மும்முரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

மக்காவில் முதல் வெள்ளி. ஜும்ஆ முடிந்து சனம் வெள்ளமாகக் கலைந்தது. தொலைந்துபோகாமல் இருக்க, வெளி முற்றத்தில் தண்ணீர் தூவுகிற மின்விசிறித் தூண் ஒன்றைப் புருஷனும் பெண்சாதியும் முதல் நாளே குறித்து வைத்திருந்தார்கள். அசனார் வந்து சேர்ந்தபோது கைறுன்னிஸா தூணடியில் போனை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணி பன்னிரண்டே முக்கால். இந்த ஆளை எங்கே அனுப்புவது என்று அவள் யோசிக்கிறாள், போன் அடித்துவிட்டது.

கட்டார் நம்பர். ஓதி மனனம் செய்த குர்ஆன் சூறா போல அவளுக்குத் தெரிந்த நம்பர். ஒரு மணி. அல்ஹம்துலில்லாஹ், கிடைத்துவிட்டது, காணும்.

நிற்கவில்லை. இரண்டாவது அடித்தது. மூன்றாவது. கைறுன்னிஸா பழக்கத்தில் விரலை இழுத்துக்கொண்டாள். போன் அவள் உள்ளங்கையில் கிடந்து அடித்து அடித்து ஓய்ந்தது. மூச்சு விடுவதற்குள் திரும்ப அடிக்கத் தொடங்கியது.

"எடு புள்ள" என்றார் அசனார்.

"எடுத்தா வெட்டிருவான்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வெட்டுற ஆளெண்டா ஒண்டோட வெட்டியிருப்பான். எடு."

"உங்களுக்கு எப்பிடி..."

"வெள்ளிக்கிழம மூணு மணிக்கு என்ட கதிரை யன்னலோரம்தானே கிடக்கு. எனக்கும் காது இரிக்கி, அண்டைக்கு நீ எடுத்து மகனெண்டதும் கேட்டிச்சி. நீ தனியக் கேக்கட்டுமெண்டுதான் பள்ளிப் படியில போய்க் குந்தி இருந்தன். இப்ப எடு, நிண்டுரப் போகுது."

அவள் எடுத்தாள்.

"உம்மா? உம்மாதானே?" மூன்று வருடத்தில் அவன் குரல் தடித்திருந்தது. ஆனால் பயந்தால் கீச்சென்று ஏறுகிற அந்த இடம் மாறவில்லை. "எங்க இரிக்கீங்க? ஸலவாத்துக் கேக்கல்ல, மணி வேற மாதிரி அடிக்கி. உங்களுக்கு என்னவும் ஆகிட்டோ, நம்பர ஆருக்கும் குடுத்துட்டாங்களோண்டு... கதைங்க உம்மா."

"எனக்கு ஒண்டுமில்ல மகன். மக்காவுல இரிக்கன். வாப்பாவும் பக்கத்தில."

சுகம் தெரிந்துவிட்டது, இனி வெட்டிவிடப்போகிறான் என்று நினைத்தாள். வெட்டுமுன் சொல்லிவிட வேண்டும் என்று, மூன்று வருடமாக மனதில் அடுக்கி வைத்திருந்த பேச்சை எல்லாம் விட்டுவிட்டு, வாயில் வந்ததைச் சொன்னாள்.

"வெளிக்கிட முந்தி ஊரெல்லாம் போய்ப் பொருந்திக்கங்கண்டு கேட்டன். ஷஸ்னாட உம்மாக்கிட்டயும் கேட்டன். உன்னட்ட மட்டும் கேக்காம வந்துட்டன் மனே. நான் சுவரத்தான் பாத்தன். உன்னப் பாக்கல்ல. என்னப் பொருந்திக்க."

சனம் அவளைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. காதுக்குள் அவன் அழுகிற சத்தம் வந்தது. எத்தனை வயதானால் என்ன, சின்ன வயதில் விழுந்தெழும்பி அழுகிற அதே விக்கல்தான்.

"பொருந்தாமலா உம்மா, கிழமைக்குக் கிழமை மணி அடிச்சன்?"

கைறுன்னிஸா அந்த மாபிள் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து, பார்க்கிறவர்களைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல், வாய்விட்டு அழுதாள். அங்கே அழுகிறவர்களை யார்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்? பிறகு பேச்சு வந்தது. ஏசி திருத்த ஏறிய இடத்தில் விழுந்து கை முறிந்த கதை, முறிந்த கையோடும் மணி அடித்த கதை, முப்லிஹாவின் பிள்ளைகளின் கதை. அசனாருக்கு நாலு நிமிடம் கிடைத்தது. அதில் ஆறு தடவை "ஓம்" சொல்லி, ஒரு தடவை மூக்கைச் சிந்தினார். அவள் போனைப் பறித்துத் திரும்பப் பேசிக்கொண்டிருக்கும்போது லைன் நின்றது.

"வெட்டிட்டானா?" அசனார் பதறிப்போனார்.

"இல்ல. நிமிஷம் முடிஞ்சி" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த றுஸ்தி அறுவது நிமிஷமாப் போட்டிருக்கப்படாதா?" என்றும் கேட்டாள்.

ஊருக்கு வந்து முதல் வேலையாக றுஸ்திக்கு ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்துவிட்டாள். ஏசியதற்குப் பொருந்திக்கொள்ளச் சொல்லியும் கேட்டாள்.

அடுத்த வெள்ளி மூன்று மணிக்கு அசனார் பள்ளிக்குப் போகவில்லை. தோய்த்து மடித்த சாரமும் சட்டையும் உடுத்திக்கொண்டு, தன் கதிரையை யன்னலோரத்திலிருந்து தூக்கிவந்து கைறுன்னிஸாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். முப்லிஹாவும் படுக்காமல் வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். போன் அடித்தது. முதல் மணி முடியுமுன் கைறுன்னிஸா எடுத்துவிட்டாள்.